பெருங்குடலில் பொலிப், மூளையில் கட்டி: அண்ணன் மகனுக்கு ‘டர்கொட்’ என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேயிலைத்தளிர், ஹட்டன் | ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மகனுக்கு 14 வயது. ஐப்பசி மாதம் தலைவலி தொடங்கியது. காலையில் எழுந்தவுடன் வாந்தி எடுப்பான், பிறகு சரியாகிவிடுவான். மருந்துச்சாலையில் வாய்வுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். அவனுடைய கையெழுத்து கோணலாகிக்கொண்டு போவதைப் பள்ளிக்கூட ஆசிரியைதான் முதலில் கவனித்துச் சொன்னார். கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது மூளையின் இடது பக்கத்தில் கட்டி. சத்திரசிகிச்சை செய்து எடுத்திருக்கிறார்கள். பரிசோதனையில் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது.

வார்டில் இருக்கும்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. பல மாதங்களாக மலத்தோடு இரத்தம் போவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனஸ்கோபி செய்தார்கள். பெருங்குடலின் உட்சுவரில் பொலிப் என்ற சிறு சதை வளர்ச்சிகள் இருபது முப்பது இருக்கிறதாம். முதுகிலும் தொடையிலும் பால் ஊற்றிய கோப்பி நிறத்தில் தட்டையான படைகள் உண்டு. பிறவி மச்சம் என்று விட்டுவைத்திருந்தோம். அவற்றைப் பார்த்துவிட்டு டொக்டர், “அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர்களா?” என்று கேட்டார். அண்ணி எங்கள் அம்மாவின் சொந்தத் தம்பி மகள். ‘டர்கொட் சின்ட்ரோம் போல இருக்கிறது, மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும்’ என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் இப்போது நிம்மதி இல்லை. தாத்தா ஃபெக்டரியில் வேலை செய்தவர். ஃபெக்டரிக் காவல் தெய்வமான ரோதைமுனிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால்தான் இது என்று அம்மா சொல்கிறார். ஒரு பக்கம் அண்ணியைக் குத்திக்காட்டுகிறார். பையனுக்கு 9 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். அதைவிடப் பெரிய விஷயம், என் தங்கைக்கு அண்ணியின் தம்பியைப் பேசி முடித்திருக்கிறோம். தையில் பரிசம். குடலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? சின்னவளுக்கும் வருமா? இந்தக் கல்யாணத்தை என்ன செய்வது?

பதுளை மருத்துவர் | ஞாயிறு நள்ளிரவு

தங்கச்சி, கேள்விகளை முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் பையனைப் பார்க்கும் டொக்டரின் சொல்தான் முதன்மையானது.

ஜாக் டர்கொட் என்பவர் கனடாவின் கியூபெக் மாநிலத்து சத்திரசிகிச்சை நிபுணர். 1959ஆம் ஆண்டில், உடன்பிறந்த இருவருக்குப் பெருங்குடல் நிறையப் பொலிப்புகளும் மூளை, முள்ளந்தண்டுப் பகுதியில் கட்டிகளும் இருந்ததை அவரும் அவரது சகாக்களும் எழுதினார்கள். 1949இலேயே கிரைல் என்பவர் இதே போன்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தாலும் டர்கொட்டின் பெயர்தான் நின்றுவிட்டது. ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் அடைபட்டுக் கிடந்தன என்பது 1995இல் வெளியான ஆய்வில்தான் தெளிவாயிற்று. 14 குடும்பங்களைப் பார்த்தார்கள். 10 குடும்பங்களில் ஏபிசி என்ற மரபணுவில் பழுது. அங்கே மூளைக் கட்டி பெரும்பாலும் சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா. மற்றக் குடும்பங்களில் கிளியோபிளாஸ்டோமா; அங்கே பழுது டிஎன்ஏயின் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில்.

உங்கள் மருமகனுக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா. பொலிப்புகள் நூற்றுக்கணக்கில் இல்லை, சில பத்துகள்தான். தோலில் கோப்பி நிறப் படைகள். பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன். இவை எல்லாம் சேர்ந்து இரண்டாவது வகையைத்தான் காட்டுகின்றன.

உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படும். படியெடுக்கும்போது பிழை விழும். அதைப் பிடித்துத் திருத்தும் வேலையை எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கு மரபணுக்கள் பார்க்கின்றன. ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி. மலையில் கூடையிலிருந்து முற்றின இலையைப் பொறுக்கி எறிய இரண்டு கங்காணிமார் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் சமாளிப்பார். இருவருமே வராத நாளில் எல்லாம் கலந்து ஃபெக்டரிக்குப் போய்விடும். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கு லின்ச் நோய்த்தொகுதி. அவருக்கு நடுவயதில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடும். இரண்டு பிரதிகளும் பழுதாகப் பிறந்த பிள்ளைக்குச் சிறுவயதிலேயே மூளை, குடல், இரத்தம் என்று பல இடங்களில் புற்றுநோய் வரலாம். அதிகம் பிரிந்து பெருகும் இடங்களில் பிழைகள் மளமளவென்று சேர்வதால், குடலும் மூளையும் ஒரே நோயில் வந்து சேருகின்றன. இப்படிப் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பழுது பிஎம்எஸ்2இல்தான் இருக்கிறது.

சின்னவளைப் பற்றி: பெற்றோர் இருவரும் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 வாய்ப்பு இந்த நோய்க்கு, 4இல் 2 வாய்ப்பு பெற்றோரைப் போல ஒரு பிரதியை மட்டும் சுமப்பதற்கு, 4இல் 1 வாய்ப்பு எதுவும் இல்லாமல் இருப்பதற்கு. அண்ணனுக்கு வந்துவிட்டதால் தங்கையின் வாய்ப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பையனின் பழுது எது என்று தெரிந்தவுடன் அவளுக்கு அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

மற்றக் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது அவசரமாக எழுதும் விஷயம் இல்லை.

கொட்டகலை அம்மா | திங்கள் காலை

மகள், நான் வயதில் மூத்தவள் என்பதால் சொல்கிறேன். பிள்ளைக்கு வைத்தியம் பாருங்கள், குலதெய்வத்துக்கும் செய்யுங்கள். ஆனால் இதை ஏன் ஊரெல்லாம் சொல்ல வேண்டும்? வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் முதல் காம்பராவில் பேசினால் கடைசிக் காம்பராவுக்குக் கேட்கும். சொந்தத்தில் பேசிய கல்யாணம் நின்றால் ஏன் நின்றது என்று கேட்பார்கள். ‘அந்த வீட்டில் புற்றுநோய் இரத்தத்தில் ஓடுகிறது’ என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் உங்கள் தங்கைக்கும் அந்த 9 வயதுப் பிள்ளைக்கும் நாளைக்கு யார் வருவார்கள்? எங்கள் டிவிஷனில் வலிப்பு வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைப் பார்த்தவள் நான். அவள் இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறாள்.

பண்டாரவளை ஓட்டுநர் | திங்கள் மதியம்

அம்மா சொல்வதில் உள்ள பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தப் பயம் என்ன செய்தது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது டொக்டர் சொன்ன முதல் வகை, ஏபிசி. என் அக்கா ஒன்பது வயதில் இறந்தார். நடக்கும்போது குடித்தவர் போலத் தள்ளாடுவார், காலையில் வாந்தி எடுப்பார். முனி அடித்தது என்று கோடாங்கி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோனபோது சிறுமூளையில் கட்டி என்றார்கள். அப்பா 42 வயதில் குடல் புற்றுநோயில் போனார். பல வருடங்களாக இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நாட்டு மருந்து குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தம்பியும் அதே வயதில் போனார். பாட்டி எல்லாவற்றையும் அறிந்தும் ஒருவரிடமும் சேர்த்துச் சொல்லவில்லை. அக்காவின் சாவு ஒரு கதை, அப்பாவின் சாவு வேறு கதை, சித்தப்பாவின் சாவு அவர் குடித்ததால் வந்தது. இப்படித்தான் நான் கேட்டு வளர்ந்தேன்.

எனக்கு இரத்தம் போகத் தொடங்கியபோது ஒரு இளம் டொக்டர் வீட்டில் யார் யாருக்கு என்னென்ன என்று தாள் எடுத்து வட்டமும் சதுரமுமாக வரைந்தார். மூன்று பெயர்களையும் ஒரே தாளில் பார்த்தவுடன் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பொலிப். அப்படியே விட்டால் நாற்பதுகளுக்குள் ஏதோ ஒன்று புற்றாகும், அது அநேகமாக உறுதி என்றார்கள். பெருங்குடலை முழுவதும் எடுத்து, சிறுகுடலின் முனையைப் பை போல மடித்து உள்ளேயே தைத்தார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை கழிப்பறைக்குப் போக வேண்டும், இரவிலும் எழுந்திருக்க வேண்டும். ஆனால் வேன் ஓட்டுகிறேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். அப்பா இறந்த வயதை நான் தாண்டிவிட்டேன்.

என் மூத்த மகளுக்கும் அந்த மரபணு இருக்கிறது. பத்து வயதிலிருந்தே குடலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது மகனுக்கு இல்லை. அவனுக்கு இனி அந்தக் குழாயே தேவையில்லை. அம்மா, பாட்டி பேசியிருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பார் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

கந்தப்பளை ஆசிரியர் | திங்கள் மாலை

ஓட்டுநர் தம்பியின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் மேலே ‘மாமன் மகள்’ என்ற சொல் வந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களைப் பற்றி எழுதுபவர்கள் குடிப்பழக்கம், சுகாதாரக் குறைவு, சொந்தத்தில் திருமணம் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டே வருகிறார்கள். சொந்த நிலம் இல்லாமல், ஊரை விட்டு வந்து, குடியுரிமையும் பறிபோய் இருந்த சனம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டது இந்த முறையால்தான். அத்தை வீட்டுக்குப் போன பெண்ணுக்கு மாமியார் அந்நியர் இல்லை. இதை நோய்க்குக் காரணம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக முடியாது. வைத்தியசாலையில் பலர் முன்னால் ‘சொந்தமா’ என்று கேட்பதே ஒரு குற்றச்சாட்டுப் போல விழுகிறது. கேட்கும் விதத்தில் மரியாதை வேண்டும்.

பதுளை மருத்துவர் | திங்கள் இரவு

ஆசிரியர் ஐயா, கேட்கும் விதம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. நான் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது முதலில் ஏன் கேட்கிறேன் என்று சொல்வேன், தனி அறையில் கேட்பேன். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் பழுதை உண்டாக்குவதில்லை. ஓட்டுநர் தம்பியின் ஏபிசி வகையில் ஒரு பிரதி பழுதானால் போதும். அவர் அமெரிக்காவில் பெண் எடுத்திருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதிதான். பெற்றோர் எவருக்கும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றும் ஏபிசி பழுதுகளும் உண்டு. அந்த வகையில் சிறுமூளைக் கட்டியின் வாய்ப்பு மற்றவர்களைவிட 92 மடங்கு என்று அதே 1995 ஆய்வு சொன்னது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டி பொதுவில் மிக அரிது என்பதால், ஏபிசி பழுது உள்ள நூறு பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆகவே மகளுக்குத் தலைவலி வந்தவுடன் கலங்க வேண்டாம் தம்பி. காலை வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் உடனே காட்டுங்கள்.

தேயிலைத்தளிர் வீட்டில் இருப்பதாகத் தோன்றும் வகையில்தான் உறவுமுறை கணக்கில் வருகிறது. பிஎம்எஸ்2இல் ஒரு பிரதி பழுதானவர் உலகின் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார். அவர் அந்நியரை மணந்தால் இரண்டு பழுதும் ஒரு பிள்ளையில் சந்திப்பது அபூர்வம். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் மணந்தால் அதே பழுது இரண்டு கிளைகளிலும் வந்து சந்திக்க வழி உண்டு.

தங்கச்சி, இனி உங்கள் வீட்டுக் கணக்கு. பையனுக்கு ஒரு பிரதி உங்கள் அண்ணனிடமிருந்து, மற்றது அண்ணியிடமிருந்து. இரண்டும் ஒரே பழுது என்று பரிசோதனையில் வந்தால், அது உங்கள் அம்மாவின் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தது. அவரிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும், அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு, மாமாவிடமிருந்து அண்ணிக்கு. அண்ணியைக் குறை சொல்லும் அம்மாவே அதே பழுதைச் சுமப்பவராக இருப்பார். இதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். “அம்மா, உங்களுக்கும் குடலைப் பார்க்க வேண்டுமாம், உங்கள் உயிருக்காகக் கூப்பிடுகிறார்கள்” என்று தொடங்குங்கள்.

உங்கள் தங்கைக்கு அது இருக்க 2இல் 1 வாய்ப்பு. அண்ணியின் தம்பிக்கும் 2இல் 1. இருவருக்கும் இருக்க 4இல் 1. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1. அதாவது இன்று, ஒன்றும் தெரியாத நிலையில், 16இல் 1. பரிசோதனைக்குப் பிறகு அது பூச்சியமாகலாம், அல்லது 4இல் 1 ஆகலாம். ஒருவருக்கு இல்லை என்று வந்தாலே இந்த நோய் அவர்கள் பிள்ளைக்கு வர வழி அடைபட்டுவிடும். கல்யாணத்தை இப்போதே முறிக்கவும் வேண்டாம், பரிசோதனைக்கு முன் அவசரப்படுத்தவும் வேண்டாம். பரிசத்தைத் தள்ளிவையுங்கள்.

தேயிலைத்தளிர், ஹட்டன் | செவ்வாய் அதிகாலை

இரவு முழுவதும் இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ‘எனக்கும் 2இல் 1’ என்பதை நீங்கள் எழுதவில்லை டொக்டர், ஆனால் புரிந்தது.

தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. “அவரிடம் நானே சொல்கிறேன், வேறு யார் வாயிலும் அவர் கேட்க வேண்டாம்” என்று ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார். கூடலூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். 83க்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. அவர் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம் அல்லவா?

கொட்டகலை அம்மா | செவ்வாய் காலை

உன் தங்கைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல் மகள். அந்தத் தைரியம் எங்கள் காலத்துப் பெண்களுக்கு இருக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் தம்பியைக் கேட்கிறேன், உங்கள் மகளுக்கு நாளை கேட்டு வருபவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

பண்டாரவளை ஓட்டுநர் | செவ்வாய் மதியம்

அம்மா, நான் ஊருக்குச் சொல்லவில்லை. இரத்தத்தில் பங்கு உள்ளவர்களுக்குச் சொன்னேன். அப்பாவின் அண்ணன் தம்பி, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள், எல்லாரையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஒருவர் கதவைச் சாத்தினார். வெலிமடையில் ஒரு அத்தை மகன் திட்டி அனுப்பினார், அடுத்த வருடம் தானே வந்து டொக்டரின் பெயரைக் கேட்டார். அவருக்கும் பொலிப் இருந்தது, புற்றாவதற்கு முன் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டாருக்கு இது எதற்கு?

மகளைக் கேட்டு வருபவரிடம் அவளே சொல்வாள். சொல்லும் வயதும் நேரமும் அவளுடையது. மறைத்து ஒரு கல்யாணம் செய்துவைத்து, அவள் கணவன் வைத்தியசாலை வாசலில் அதை முதல் தடவையாகக் கேட்கும்படி நான் செய்ய மாட்டேன்.

மஸ்கெலியா தாதி | செவ்வாய் இரவு

கொலனஸ்கோபி என்றவுடன் எல்லோரும் குழாயை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையான கஷ்டம் முந்தின இரவில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் தோட்டத்து ஆட்களிடம் பேசுவதில்லை. குடலைக் கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து லீட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் கழிப்பறையை விட்டு நகர முடியாது. நகரத்து வீட்டில் உள்ளே கழிப்பறை இருப்பவருக்குச் சரி. லயத்தில் கழிப்பறை வெளியே, சில இடங்களில் பல குடும்பங்களுக்கு ஒன்று, மார்கழிப் பனி, மழை, அட்டை. தண்ணீர் வராத நாளும் உண்டு. வெட்கத்தில் பாதி மருந்தைக் கொட்டிவிட்டு வருகிறார்கள். குடல் சுத்தமாக இல்லாததால் பொலிப் தெரியாமல் போகிறது, அல்லது திருப்பி அனுப்புகிறார்கள். நாட்சம்பளமும் போய், பஸ் காசும் போய், பார்க்க வேண்டியதும் பார்க்கப்படாமல் போகிறது.

ஆகவே நேரே சொல்லுங்கள்: “நாங்கள் லயத்தில் இருக்கிறோம், முந்தின நாளே வார்டில் அனுமதித்து மருந்து கொடுக்க முடியுமா?” கேட்டால் பல இடங்களில் ஏற்பாடு செய்வார்கள். முடியாவிட்டால் டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் அன்றிரவு தங்குங்கள். இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, பழ விதை, தோல் உள்ள பருப்பு வேண்டாம். மருந்து குடிக்கும்போது வெறும் தேத்தண்ணீர் குடிக்கலாம், பால் வேண்டாம். சிவப்பு நிறப் பானம் எதுவும் குடிக்க வேண்டாம், உள்ளே இரத்தம் போலத் தெரியும். சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், அவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

தோட்டத்தில் லீவு கேட்கக் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், பரிசோதனை என்று மட்டும் சொன்னால் போதும். என்ன நோய் என்று துரை அலுவலகத்தில் யாருக்கும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கூடலூர்ப் பேரன் | புதன் காலை

கடல் தாண்டி எழுதுகிறேன். எங்கள் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயிலில் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் அறுந்துபோயின. இங்கே தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எங்கும் எங்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வார்கள்.

அக்கா, தாயகம் திரும்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். யார் யார், வயது என்ன என்று அதில் இருக்கும். பல வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெரிய மாமாவின் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பதைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இங்கே தோட்டப் பெயரைச் சொன்னால் யாராவது ஒருவருக்குத் தெரியும். கேட்டுப் பார்க்கிறேன்.

கந்தப்பளை ஆசிரியர் | புதன் மாலை

தம்பி, நீங்கள் செய்வது பெரிய காரியம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, மரபியல் ஆலோசனைக்கு அங்கே போகலாம் என்று என் மாணவர் ஒருவர் மூலம் அறிந்தேன். அரச வைத்தியசாலை டொக்டரின் கடிதத்தோடு போவது நல்லது. தேயிலைத்தளிர், தமிழில் பேச ஒருவர் கூட வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஹட்டனில் ரயில் ஏறிக்கொள்கிறேன்.

தேயிலைத்தளிர், ஹட்டன் | மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பையனின் முடிவு வந்துவிட்டது. பிஎம்எஸ்2, இரண்டு பிரதிகளிலும் ஒரே பழுது. பதுளை டொக்டர் எழுதியபடியே. அண்ணனும் அண்ணியும் சின்னவளும் இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். தங்கையும் அண்ணியின் தம்பியும் சேர்ந்தே போய்க் கொடுத்தார்கள். பரிசத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். மாமா முதலில் கோபப்பட்டார், இப்போது அவரே குடலைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறார்.

அம்மாவிடம் ஆசிரியர் ஐயாதான் பேசினார். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் அப்பா ‘வயிற்றில் கல்’ வந்து இறந்ததை அன்றுதான் சொன்னார்.

கூடலூர்த் தம்பி பெரிய மாமாவின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். மாமா ஐம்பது வயதுக்குப் பிறகு குடல் புற்றுநோயில் இறந்திருக்கிறார். அவர் மகள், எனக்கு மதினி முறை, கருப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு நன்றாக இருக்கிறார். வீடியோவில் பேசினோம். அவர் மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு.

கேள்விகள்: பையனுக்கு அடுத்த மருந்து பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் என்ன கேட்க வேண்டும்? கூடலூர் மதினி அங்கே டொக்டரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?

பதுளை மருத்துவர் | அதே இரவு

பையனைப் பற்றி: புற்றுநோய் டொக்டரிடம் மரபணு முடிவை முதலில் கையில் கொடுங்கள். கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைட் மாத்திரை வேலை செய்ய, செல்லுக்குள் இந்தத் திருத்தும் அமைப்பு இருக்க வேண்டும். அது இல்லாத கட்டியில் அந்த மருந்து பெரும்பாலும் பிடிப்பதில்லை. மறுபக்கம், பிழைகள் மிக அதிகமாகச் சேர்ந்த கட்டி என்பதால் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்குப் பலன் தந்திருக்கின்றன. விலை அதிகம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஆனால் ‘எங்கள் பிள்ளைக்கு இது பொருந்துமா?’ என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சின்னவளுக்கு இரண்டு பிரதிகளும் பழுது என்று வந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூளை எம்ஆர்ஐ, வருடம் ஒரு முறை மேல்குடல், பெருங்குடல் பார்ப்பது என்று இப்போதே தொடங்குவார்கள். ஒரு பிரதி மட்டும் என்றால் சிறுவயதில் ஒன்றும் தேவையில்லை. பிஎம்எஸ்2இல் ஒரு பிரதி பழுதான பெரியவர்களுக்கு 35 வயதளவில் கொலனஸ்கோபி தொடங்குவது வழக்கம். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 25இலேயே. அம்மாவும் மாமாவும் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டார்கள், அவர்கள் முந்தட்டும். பெண்கள் மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கூடலூர் மதினி மூன்று பொருட்களைக் கொண்டுபோகட்டும். பையனின் மரபணு அறிக்கையின் பிரதி. அதில் பழுது எந்த இடத்தில் என்ற வரி இருக்கும், அந்த ஒரு வரி இருந்தால் அவருக்கு முழு மரபணுவையும் தேட வேண்டியதில்லை, செலவு வெகுவாகக் குறையும். அவருடைய கருப்பைச் சத்திரசிகிச்சையின் பரிசோதனை அறிக்கை; அந்தத் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கலாம். மூன்றாவது, இரண்டு நாட்டிலும் உள்ள குடும்பத்தின் வரைபடம். பெயர் வேண்டாம். உறவுமுறை, எந்த உறுப்பில் நோய், எந்த வயதில் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் அம்மாவின் அப்பாவுக்கு ‘வயிற்றில் கல்’ என்பதையும் அப்படியே எழுதுங்கள், என்ன வயதில் என்று அம்மாவிடம் கேட்டு.

கூடலூர்ப் பேரன் | மறுநாள் காலை

அறிக்கையின் பிரதியை அனுப்புங்கள் அக்கா. சனிக்கிழமை மதினி வீட்டுக்குப் போகிறேன். அவருடைய இரண்டு தம்பிகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். மூத்தவர் தன் மகனுக்கு இங்கேயே அத்தை மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.